காம்பு

இரவு ஒன்பது நாற்பது.
லூப்லியானா, நஞ்சு உதவி மையம்.
யெர்னேயா கோப்பையில் தேயிலைப் பையை மறந்துவிட்டாள்,
கறுத்துக் கசந்து கிடந்தது.
மறுமுனையில் தட்டுத்தடுமாறும் ஸ்லோவீனில் ஒரு பெண்:
செரெம்ஷா சூப் வைத்தேன்.

யெர்னேயாவின் காதில் அது ச்ரெம்சா என்று விழுந்தது.
ச்ரெம்சா அவள் மொழியில் ஒரு மரம்,
ஆற்றோரம் வெள்ளையாகப் பூத்துக் கொட்டுவது.
மரத்தையா சூப் வைத்தாய்?
இல்லையில்லை, தரையில் முளைப்பது.
கரடி தின்பது.

அப்படிச் சொல்.
இந்தக் கீரைக்குப் பெயர் வைத்த பலரும்
ஒரே கரடியைத்தான் பார்த்திருக்கிறார்கள் போல.
போலந்தில் கரடிப்பூண்டு,
குரோவேஷியாவில் கரடிவெங்காயம்,
லத்தீனிலும் அல்லியம் உர்சினம், கரடி விட்டபாடில்லை.
எந்தச் சாவடியிலும் முத்திரை வாங்காமல்
அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.
யெர்னேயாவின் ஊரில் மட்டும் செமாஷ்.
செரெம்ஷாவுக்குத் தங்கை முறை,
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத தங்கை.

யார் சாப்பிட்டது?
என் தம்பி ஓஸ்தாப். ஏழு மணிக்கு, இரண்டு கிண்ணம்.
நன்றாகத்தான் இருக்கிறான், கால்பந்து பார்க்கிறான்.
கூடையில் மிச்சம் கிடந்ததை இப்போதுதான் பார்த்தேன்.
என்னவோ சரியில்லை.

கசக்கி முகர்ந்து பார்.
காலையிலிருந்து கசக்குகிறேன் அம்மணி,
என் கையே பூண்டாகிவிட்டது.
தொலைபேசி கூட மணக்கிறது.

பெயர்கள் அவ்வளவு தூரம்தான் கூட வந்தன.
மூக்கும் கைவிட்டது.
மிஞ்சியது காம்பு.

ஒவ்வோர் இலையாக எடு, ஒலெஸ்யா.
தனிக் காம்பா?
ஆமாம்.
அடிப்புறம் மங்கலா?
ஆமாம்.
அடுத்தது.
ஆமாம். ஆமாம்.
யெர்னேயா காகிதத்தில் கோடு கிழித்தாள்,
நான்குக்கு மேல் ஒரு குறுக்குக் கோடு.
இருபத்தேழு கரடிகள் வரிசையாய்ப் போயின.

பிறகு குரல் நின்றது.
இதற்குக் காம்பு இல்லை.
ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மூன்று இலை.
இரண்டு பக்கமும் பளபளப்பு.

கோல்சிகம் ஆட்டம்னாலே.
இலையுதிர்காலம் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறது,
ஏப்ரலில் அதைப் படித்து என்ன செய்ய?
பூ செப்டம்பரில் வரும், இலையில்லாமல்.
இலை இப்போது வரும், பூவில்லாமல்.
ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்லாத செடி.
இந்த இலைக்குத் தமிழில் பெயர் இல்லை.
நஞ்சை மட்டும் நமக்குத் தெரியும்,
கண்வலிக்கிழங்கில் இருக்கிறதே, அதேதான்.

ஆம்புலன்ஸ் வருகிறது, முகவரி சொல்.
அவனுக்குத்தான் ஒன்றும் இல்லையே,
சிரிக்கிறான், கேட்கிறதா?
கேட்டது. யாரோ கோல் போட்டிருந்தார்கள்.

முதல் சில மணி நேரம்
ஒன்றும் இல்லாதிருப்பதுதான் இந்த நஞ்சின் வழக்கம்.
அதை அவளுடைய பாதி ஸ்லோவீனில் எப்படிச் சொல்வது?
அவனுக்கு ஷூ மாட்டிவிடு, என்றாள் யெர்னேயா.
அந்த மூன்று இலையையும் கையோடு கொடுத்தனுப்பு.
கழுவாதே.

பிறகு படிவம்.
தாவரத்தின் பெயர் என்ற கட்டத்தில்
லத்தீனில் இரண்டு வரி.
அழைத்தவர் சொன்ன பெயர் என்ற கட்டம்
விரலகலம் கூட இல்லை.
பெரும்பாலும் அதைக் காலியாக விட்டுவிடுவாள்.
இன்று நெருக்கி எழுதினாள்: செரெம்ஷா.
அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.
இருபத்தேழு தடவை
அது சரியான பெயர்தான்.