பொருமையாக இருங்கள்

யூனியன் பிளேஸ், ஒன்பதாம் மாடி.
காலை ஆறே கால் முறைக்கு வந்த எங்களைக்
கதவுக்கு அடையாளம் தெரியவில்லை.
அட்டையைக் காட்டினோம். சிவப்பு.
சீலைத் தலைப்பில் துடைத்துக் காட்டினாள் பெனடிக்டா.
சிவப்பு.
காவலுக்கு நின்ற பண்டார
எங்களைவிட வெட்கப்பட்டு
தன் கதிரையை நஸ்மியாவிடம் தள்ளினார்.
அவளுக்கு ஏழாம் மாதம்.

கம்பனி கைமாறிப் பதினொரு நாள்.
வாங்கியவர் எந்த ஊரில் தூங்குகிறாரோ,
அவர் விழித்திருந்த ஏதோவொரு மணித்தியாலத்தில்
எங்கள் இரவுக்குள் ஒரு கடிதம் வந்து கிடந்தது:
உலகம் இனித் தடையின்றிப் பேசட்டும்,
உங்கள் பங்களிப்புக்கு நன்றி.
தமிழில் இல்லை.
எப்போது இருந்தது.

நாங்கள் பார்த்த வேலையை
வீட்டில் சொல்வது கஷ்டம்.
அம்மாவுக்கு அது கம்ப்யூட்டர்,
வாடகை வீட்டுக்காரருக்கு கோல் சென்டர்.
உண்மையில் ஒரேயொரு சொல்லோடு
மூன்று வருடம் மல்லுக்கட்டினோம்:
தூக்கு.

பிள்ளையைத் தூக்கு என்று எழுதினாலும்
மெஷின் கொடி காட்டும்.
அவனைத் தூக்கினால் சரி என்று
வீட்டு இலக்கத்தோடு ஒருவன் எழுதினால்
கிரிக்கெட் என்று விட்டுவிடும்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு வெள்ளை வான் போகிற அகலம் இருக்கிறது.
அதை மெஷினுக்கு எந்த வாயால் சொல்ல?
சுகிர்தன் மேசையில் எழுதி ஒட்டியிருந்தான்:
யார், யாரை, எந்த ஊரில், எந்த மாதத்தில்.

மே மாதம் விளக்குப் படங்கள் வரும்.
மெஷின் மொத்தமாகப் பிடித்து வைத்திருக்கும்.
ஒவ்வொன்றாகப் பார்த்து விடுவிப்போம்.
பார்க்காமல் விடுவிக்க முடியாது,
அதுதான் வேலை,
அதற்குத்தான் சம்பளமும்
மாதம் ஒருமுறை ஆலோசகரும்.

பத்து மணிக்கு
எதிர்க் கடையில் ஆளுக்கொரு ரோல்ஸ், பிளேன்டீ.
கயிற்றில் தொங்கிய இருவர்
கம்பனியின் பழைய பெயரை
எழுத்தெழுத்தாய்க் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
கீழே நின்றவர், ஹட்டன் பக்கத்துக் குரல்,
“தூக்கு! இன்னும் கொஞ்சம் தூக்கு!”
நாலு பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தோம்.
“அனுமதிக்கலாம்,” என்றான் சுகிர்தன்,
வாய் நிறைய ரோல்ஸோடு.
நஸ்மியாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது,
பிறகு மற்றது வந்தது.

நாங்கள் விட்டுவந்த வரிசையில்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு முறைப்பாடுகள்.
எண் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, ஒரு வியாழன்,
வெள்ளவத்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கையில்
கைபேசியில் வந்தது ஒரு படம்.
பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை.
பெயர்.
டியூசன் வகுப்பு இருக்கும் ஒழுங்கை.
விடும் நேரம்.
கீழே ஒருவன்: இண்டைக்குத் தூக்குவம்.
அதற்குக் கீழே இருநூறு சிரிப்புகள்.

யார், யாரை, எந்த ஊரில்.
எல்லாம் இருந்தது.
முறைப்பாட்டை அழுத்தினேன்,
வாழ்க்கையில் முதல்தரம்
வெளியே நின்று.

உடனே பதில் வந்தது, தமிழில்:
உங்கள் முறைப்பாடு கிடைத்தது.
எங்கள் குழு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
தயவுசெய்து பொருமையாக இருங்கள்.

அது என் வாக்கியம்.
சேர்ந்த முதல் கிழமை நான் எழுதிக் கொடுத்தது.
வல்லின றகரம் விடுபட்டதை
அடுத்த நாளே கண்டு, திருத்தச் சொல்லிக் கேட்டேன்.
அவசரமில்லை என்றார்கள்.
பொறுமையைச் சொல்லப்போய்ப்
பொருமச் சொல்லிவிட்டேன் மூன்று வருடமாய்,
எத்தனை பேருக்கோ.
குழுவில் மிஞ்சி நிற்பது
அந்தப் பிழை ஒன்றுதான்.

மணி மூன்று ஐம்பது.
வகுப்பு விடுவது நாலரைக்கு.
மீனை அப்படியே விட்டுவிட்டு
பெனடிக்டாவுக்கு எடுத்தேன்.
படத்தை அவளும் பார்த்திருந்தாள்,
பின்னால் பஸ்காரன் கத்துவது கேட்டது,
“பம்பலப்பிட்டி! பம்பலப்பிட்டி!”

“கேற்றடியில் நில்லடி,” என்றாள்,
“நான் ஏறிட்டன்.”