நகப்பூச்சுக் கோடு

மரப்பாலம் ஷோரூமில் அந்துவான் என்கிற பையன்
கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டினான்.
"சத்தத்தைக் கேளுங்க மேடம், பேங்க் லாக்கர் மாதிரி."
பதினேழு வருஷமாய் லாக்கர் சாவி வைத்திருப்பவள் நான்.
லாக்கர் அப்படிச் சத்தம் போடாது.
சொல்லவில்லை.

ஐந்து நட்சத்திரம் என்றான்.
மூன்றாம் வரிசையில் ஏறி உட்கார்ந்தேன்,
முழங்கால் மோவாயைத் தொட்டது.
"இங்கே எத்தனை நட்சத்திரம்?"
அந்துவான் சிரித்தான். தேவநாதனும் சிரித்தார்.
என் பின்மண்டைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே
ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல்.
அந்த இடத்துக்குத்தான் எங்கள் பிள்ளைகள்
அடித்துக்கொள்ளப் போகிறார்கள்.

வாங்கினோம்.
அவருக்கு மலை ஏற வேண்டும்.
கடலூரில் இருப்பது ஒரே கேப்பர் மலை,
அதில் டவுன் பஸ்ஸே ஏறுகிறது.
எனக்கு வேறு கணக்கு:
செங்கமலம் அண்ணியின் மடங்காத காலுக்கு ஒரு படிப்பலகை,
அவள் சக்கர நாற்காலி, அரிசி மூட்டை,
தேவனாம்பட்டினத்து மணலுக்கு ஒரு ரப்பர் பாய்.
எதிர்வீட்டு இர்ஃபானாவுக்கு ரெண்டரை வயசு.
குனிந்து கூழாங்கல் பொறுக்கினால்
எந்தக் கண்ணாடியிலும் அவள் இல்லை.
ஒவ்வொரு முறையும் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்த பிறகே
எடுக்கச் சொல்வேன்.
"கோயில் பிரகாரமா?" என்பார்.

விளம்பரத் தாளில், எண்பது சென்டிமீட்டர் தண்ணீரில் போகும் என்று
கொட்டை எழுத்து.
அடியில் பொடி எழுத்து: அசையாத தண்ணீரில், மெதுவாக.
பொடி எழுத்தைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
மகனின் ஸ்கேலை வைத்து அளந்து
முன்கதவில் ஐம்பதில் ஒரு கோடு போட்டேன்,
சிவப்பு நகப்பூச்சில்.
"புது வண்டிடீ!"
இரண்டு நாள் பேசவில்லை.

கார்த்திகைப் புயலன்று பாண்டியிலிருந்து திரும்புகிறோம்.
ஏழு பேர், ஏழு பெல்ட்.
பெரிய கங்கணாங்குப்பத்துக்கு அப்பால்
சாலை இருந்த இடத்தில் பெண்ணையாறு.
மெல்ல இறக்கினார்.
கண்ணாடியை இறக்கி, எட்டிப் பார்த்து,
செல்போன் வெளிச்சத்தை அடித்தேன்.
கோட்டுக்கு இரண்டு விரல் கீழே.
"பாத்தியா, இன்னும் ரெண்டு விரல் இருக்கு."
"அது நமக்கில்ல. அலைக்கு."
"என்ன அலை, இதென்ன கடலா?"
எதிரே ஒரு லாரி வந்தது.
அது கடந்து போன பின் வெளிச்சம் அடித்தேன்,
கோடு இல்லை.
பின்வரிசையில் முக்தா மட்டும் கேட்டாள்,
"அம்மா, காலு ஏன் ஜில்லுங்குது?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ரிவர்ஸ் விழும் சத்தம் கேட்டது.
கேமராவில் வெறும் காப்பி நிறம்.
நான் தலையை வெளியே நீட்டி
டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி கத்தினேன்:
வா, வா, ஒடி, போதும், வா.

கன்னியக்கோவில் பெட்ரோல் பங்க் கூரையடியில் இரவு.
பின் இருக்கைகளை மடக்கினால்
அண்ணி கால் நீட்டிப் படுக்கலாம்,
பக்கத்தில் நாலு பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும்.
இதை அந்துவான் காட்டவே இல்லை.
தேவநாதன் படிப்பலகையில் உட்கார்ந்து
வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது
கோடு பாதி உரிந்திருந்தது.
உள்ளே வந்து பாட்டிலைக் கேட்டார்.
சிவப்பு தீர்ந்துவிட்டது, ரோஸ்தான் இருந்தது.
முக்தாவின் ரோஸ், மினுமினுப்பு போட்டது.
வாங்கிக்கொண்டு போனார்.
போய்ப் பார்த்தேன்:
என் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே,
கொஞ்சம் கோணலாக.