முதல் பம்புக்கும் இரண்டாம் பம்புக்கும் நடுவே

தொண்டி போகும் சாலையில்
திருப்பாலைக்குடிக்கு ஒரு கல் வடக்கே
வலப்பக்கம் நிற்கிறதே, அதுதான்.
தகரக் கூரையை உப்பு தின்றுவிட்டது.
பலகையில் ‘பெட்’ உதிர்ந்து
‘ரோல்’ மட்டும் மிச்சம்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை.
துருவேறிய பூமித்தொட்டிக்குப் பதில் புதிது,
லாரி திரும்பக் கொஞ்சம் இடம்,
தாழ்ப்பாள் விழுகிற கதவோடு
பெண்களுக்கு ஒரு கழிப்பறை.
ராமேஸ்வரம் போகும் வேன்களிலிருந்து இறங்குகிறவர்கள்
என்னிடம்தான் காதோடு கேட்பார்கள்.
நான் கருவேலங்காட்டைக் கை காட்டுவேன்.
பதினாறு வருடமாகக் கை காட்டுகிறேன்.

மனுதாரர்: மு. ஜுலைகா பீவி.
வெடிபொருள் துறைக்கு ஒரு கட்டு,
தீயணைப்புக்கு ஒரு கட்டு,
நகர் ஊரமைப்புக்கு மூன்று.
எல்லாம் போயின. ஒன்று மட்டும் திரும்பியது,
ஓரத்தில் சிவப்பு மையோடு:
‘கடலோர மண்டலம். அளந்து அறிக்கை தருக.’

அளக்க வந்தார் சர்வேயர் இளமாறன்,
நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு.
உயர் அலைக் கோடு எங்கே என்றார்.
எங்கள் பக்கம் பெண்கடல், சார்.
அலை என்று ஒன்றை நான் பார்த்ததே குறைச்சல்.
வாடையில் சேறு மூடிக் கிட்டே வரும்,
கச்சானில் நண்டுகளை விட்டுவிட்டுத் தூரப் போகும்.
என்றைக்கு எதுவரை வந்ததென்று
அதனிடம் கையெழுத்தா வாங்கி வைத்திருக்கிறேன்?

கோடு அவர் வரைபடத்தில் இருந்தது.
அங்கிருந்து இருநூறு மீட்டர்
நாடா வந்து நின்ற இடம்
முதல் பம்புக்கும் இரண்டாம் பம்புக்கும் நடுவே.
சுண்ணாம்பு தூவினார்.
டீசல் தடைக்குள்ளே,
பெட்ரோல் வெளியே.
இன்னும் கட்டாத கழிப்பறை
முழுக்கக் கடலுக்கு.
அன்று முழுக்க, பம்ப் அடிக்கும் செல்வின்
கோட்டை மிதிக்காமல்
தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

‘பழைய கட்டடம் என்றால் புதுப்பிக்கலாம்க்கா.
தொண்ணூற்றொன்றுக்கு முன்பே இருந்ததென்று
ஒரு தாள் காட்டுங்கள்.’

ஒரு தாள்.
கம்பெனியில் கேட்டால் மதுரை என்றார்கள்,
மதுரையில் சென்னை என்றார்கள்.
வரி ரசீதுகளைக் கரையான்
எனக்கு முன்பே தணிக்கை செய்திருந்தது.
மாமனார் நோட்டில்
கடன் வைத்தவர்கள் பெயர் இருக்கிறது,
வருடம் இல்லை.

மோர்ப்பண்ணை ராக்கப்பன்
வள்ளத்துக்கு டீசல் பிடிக்கக் கேனோடு வந்தவர்
இதென்ன கோடு என்றார்.
சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் கேனை அங்கேயே வைத்துவிட்டுப் போய்
மறுநாள் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார்.

திருவாடானை கோர்ட், எண்பத்தேழாம் வருடம்.
மேற்படி சாலையோரப் பெட்ரோல் பங்கில்
இரவு டீசல் திருடிய வகையில்
எதிரி ராக்கப்பனுக்கு ரூபாய் ஐம்பது அபராதம்.
தீர்ப்பு நகல். கூடவே கட்டிய ரசீது.

இதை ஏன் பத்திரப்படுத்தினீர்கள்?
‘திரும்பக் கட்டச் சொல்லிட்டா?’
கொஞ்ச நேரம் கழித்து,
‘கேன் பாதிகூட ரொம்பலை.
அதுக்குள்ள புடிச்சிட்டாங்க.’

இளமாறன் இரண்டு முறை படித்தார்.
‘விடுதலை ஆகியிருந்தால் சிக்கல்.
தண்டனை ஆனது நல்லதாப் போச்சு.’
ஆனாலும் சான்றொப்பம் வேண்டும்.
எதிரி நேரில் வந்து
திருடியது உண்மை, பங்கும் உண்மை என்று
எழுதித் தர வேண்டும்.

புதன்கிழமை போகிறோம், முதல் பஸ்ஸில்.
வெள்ளைச் சட்டை போடணுமா என்று
ராக்கப்பன் போனில் கேட்டார்.

இன்று காலை ஒரு வேன் நின்றது.
இறங்கிய பெண் காதோடு கேட்டாள்.
என் கை பழக்கத்தில் எழுந்தது.
அவள் புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு
சுண்ணாம்புக் கோட்டை மிதித்து
கருவேலத்துக்குள் போனாள்.