பதினைந்தாம் நாளுக்குப் பிறகு

எங்கள் ஊரில் வசந்தம்
லாரியில் வந்து இறங்கும்.
தை கடைசியில் ஈசூன் ஈரச்சந்தைக்குப் பின்னால்
சின்ன ஆரஞ்சு மரங்கள்
ஜோடி ஜோடியாய் நிற்கும்,
விலைச்சீட்டோடு.
சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் கழிந்தால்
அதே வசந்தம்
குப்பைத்தொட்டி ஓரம்
ரிப்பன்கூடக் கழற்றப்படாமல்.

இரவுப் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
தோளில் ஒரு மரத்தோடு
மின்தூக்கியிலிருந்து இறங்கினான் பூவேந்தன்.
"ஒரு பக்கம்தான் பட்டுப்போயிருக்கு."
அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தோம்.

வீட்டுக்குள் அப்போது வீடே இல்லை.
சாயம் பூசப்போகிறோம் என்று
அலமாரியைக் கூடத்துக்கு இழுத்ததில்
சோபா சமையலறை வாசலை அடைத்தது.
சாமிப் படங்கள் கட்டிலில்
துண்டு போர்த்திப் படுத்திருந்தன.
கடைக்காரர் தந்த வண்ண அட்டையில்
வெள்ளைக்கே பதினேழு பெயர்.
நறுமுகை ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து
"மோர் வெள்ளை" என்றாள்.
அட்டையில் அப்படி ஒரு பெயர் இல்லை.
அதைத்தான் வாங்கினோம்.

செவ்வாய்க்கிழமை நகர மன்றத்துக் கடிதம் வந்தது.
நடைபாதையில் ஆள் போக
ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் வேண்டுமாம்.
ரவிக்கை அளக்கும் நாடாவைத் தரையில் விரித்தேன்.
நாலு சென்டிமீட்டர்
சட்டத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது
எங்கள் தோட்டம்.
கறிவேப்பிலை ஒடுங்கியது,
கற்றாழை ஜன்னலில் ஏறியது,
பாண்டான் தொட்டி
பக்கத்து வீட்டு மேடம் குவெக்கிடம் தஞ்சம் புகுந்தது.

கொசு சோதிக்க வந்தவர்
தட்டுகளில் டார்ச் அடித்துப் பார்த்தார்.
தண்ணீர் இல்லை, நல்லது.
கிளம்பும்போது
மரத்தைக் காட்டி இலவசமாக ஒன்று சொன்னார்:
"இது இனிமே காய்க்காது."

அந்த வார்த்தைக்காகத்தான்
இவன் பின்ன ஆரம்பித்தான் என்று நினைக்கிறேன்.
கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டான்.
சமூக மன்றத்தில் ஞாயிறு குரோஷா வகுப்பு,
பதினொரு பெண்கள்
ஒரு பேருந்து ஓட்டுநர்.
முதல் வாரம் சதுரமாய்த் தொடங்கிய துண்டு
முக்கோணமாய் முடிந்தது.
மூன்றாம் வாரம் உருண்டை வந்தது.
அதற்குப் பிறகு
உருண்டையைத் தவிர வேறெதுவும் வரவில்லை.
முனையத்தில் இடைவேளை பதினோரு நிமிடம்,
அதற்குள் அரை ஆரஞ்சு.
மீதி அரை, திரும்பி வரும் நடையில்.

நறுமுகை அவற்றைக் கிளைகளில் கட்டினாள்.
சாரல் பட்டு நூல் பழங்கள் கனத்து
கிளை வளைந்தது,
நிஜத்துக்கு வளைவது போலவே.

ஒரு காலை மேடம் குவெக்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.
பழத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.
பழத்தையல்ல,
அடித்தண்டில் நாங்கள் அவிழ்க்காமல் விட்ட ரிப்பனை.
"இந்த முடிச்சு நான் போட்டது."

எனக்குச் சாயம் வழியும் கை,
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
குப்பையிலிருந்து எடுத்தது என்று சொல்வதா,
அவரே போட்டது என்று அவருக்கே நினைவூட்டுவதா?
"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன்.
சோபாவைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போகவேண்டும்.

அவர் உள்ளே போனார்.
கதவு சாத்திக்கொண்டது.
போச்சு என்று நினைத்தேன்.
பிறகு கதவு இடுப்பால் திறந்தது.
இரு கையாலும் அணைத்து
இன்னொரு மரம் கொண்டுவந்தார்,
பழம் இல்லை, இலை பாதி,
அதே சிவப்பு, அதே முடிச்சு.
"ஜோடியில மத்தது.
இதைத் தூக்கிப்போட மனசு வரல."
எங்கள் மரத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.
"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு,
இதுக்கும் வேணும்."

மாலையில் நாடாவை விரித்தேன்.
ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டு.
சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

அலமாரிக்குப் பின்னால் ஒரு சதுரம்
இன்னும் பழைய பச்சை.
அடுத்த வாரம் பூசலாம்.

இடைவேளை இப்போதும் பதினோரு நிமிடம்தான்.
அதற்குள் அவனுக்கு
முழு ஆரஞ்சு வருகிறது.