விளக்குமாடத்தின் உயரம்

இஸ்கிக்கு வடக்கே, பேரீச்சந்தோப்புக்கு அடியில்
பதினோரு மீட்டர் ஆழத்தில் ஓடுகிறது ஃபலஜ்.
மலையின் வயிற்றிலிருந்து தோப்பு வரைக்கும்
எந்தக் காலத்திலோ கையால் குடைந்த தண்ணீர்ப் பாதை.
இந்த வருஷம் தண்ணீர் பாதிதான் வருகிறது.
எங்கே அடைப்பு என்று பார்க்க
சக்கரம் வைத்த கேமராவைக் கிணற்றுவாய் வழியே இறக்கிவிட்டு
பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து
திரையைப் பார்ப்பது என் வேலை.

முதல் அறுபது மீட்டர் சேறு.
பிறகு சுவர்.
சுவரில் புகைக்கறை படிந்த சின்னச் சின்ன மாடங்கள்.
அளந்து எழுத வேண்டும்: தரையிலிருந்து
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
அடுத்ததும் முப்பத்தெட்டு.
அதற்கடுத்தது முப்பத்தைந்து.

யாருக்கு வைத்த விளக்கு இது,
முழங்காலுக்கும் கீழே?
எலிக்கா?

தொண்ணூற்றேழாவது மீட்டரில்
சுண்ணாம்புப் பூச்சில் ஒரு கை.
ஈரத்தில் ஊன்றி எழுந்திருக்கிறது, ஐந்து விரலும் விரிந்து.
கேமரா வீசும் இரண்டு சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவே
எப்போதும் ஐந்து சென்டிமீட்டர்தான்.
உள்ளங்கையின் அகலம் அதைவிட
ஒரு நகம் கூட இருந்தது.
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

தோப்புக்காரரின் மகன் யாகூப்
காவாவை ஊற்றிக்கொண்டே சொன்னான்,
நாளைக்குக் காற்றடிக்கும் என்பதுபோல:
"பெரிய ஆள் நுழைய முடியாதே.
பையன்களை இறக்குவார்களாம் அப்போது.
ஏழு வயசு, எட்டு வயசு.
கணுக்காலில் கயிறு.
ஒரு தடவை இழுத்தால், கூடை நிறைந்துவிட்டது.
இரண்டு தடவை இழுத்தால், என்னைத் தூக்கு."

"மூன்று தடவை இழுத்தால்?"

"மூன்று என்று எதுவும் கிடையாது."

தட்டை என் பக்கம் நகர்த்தினான்.
கலாஸ் பழம், தேன் நிறம்,
விரலில் ஒட்டிக்கொண்டு விடாது.
இதன் தாய்மரம், தாய்மரத்தின் தாய்மரம்
குடித்த தண்ணீர் எது என்று கேட்டுக்கொண்டே தின்றேன்.
இனிப்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான்.
பம்பாய்க்குக் கப்பலேறிய மூட்டைகளில் ஏதோ ஒன்று
காயல்பட்டணத்தில் என் வீட்டு முன்னோர் யாருக்கோ
நோன்பு திறந்து வைத்திருக்கும்.
கொட்டையைத் துப்ப இடம் தேடினேன்.

நூற்று நாற்பத்திரண்டாவது மீட்டரில் மண் சரிந்து கிடந்தது.
கேமரா முட்டி நின்றது.
சரிவுக்கு முந்தின மாடத்தில்
விளக்கு இன்னும் இருந்தது.
மற்ற மாடங்களில் இல்லை.
திரும்பும்போது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

போன் வந்தது. சூப்பர்வைசர்.
"ஜேசிபி எல்லாம் வேண்டாம்,
லிட்டனை உள்ளே அனுப்பு. ஒல்லியான ஆள்.
இருபது ரியால் சேர்த்துக் கொடுத்துவிடலாம்."

லிட்டனுக்கு வயது இருபத்திரண்டு,
பாஸ்போர்ட் அப்படித்தான் சொல்கிறது.
கன்னம் அப்படிச் சொல்லவில்லை.
நானும் ஐந்து வருஷத்தைக் கூட்டி எழுதித்தான்
விமானம் ஏறியவன்.
அந்த ஐந்து வருஷம் யாருடையது என்று
இன்னும் தெரியவில்லை.

நான் பேசி முடிப்பதற்குள்
மஞ்சள் நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.
"பாய், இடுப்பில் கட்டவா, காலில் கட்டவா?"
கேட்டுக்கொண்டே குனிந்து
கணுக்காலில் முடிச்சுப் போட்டான்.
யாரும் சொல்லித்தரவில்லை.

படிவத்தில் எழுதினேன்:
அடைப்பு, 142 மீட்டர். மேலிருந்து தோண்ட வேண்டும்.
மூன்று நாள். ஆள் இறங்க இயலாது.
காரணம் என்ற கட்டத்தில்: உயரம் போதாது.
சூப்பர்வைசர் திட்டியது
யாகூபுக்கும் கேட்டிருக்கும்.

திரும்பும் வழியெல்லாம் லிட்டன்
என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.
இருபது ரியால்.
வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லியும்விட்டானாம்.

கேம்ப் வாசலில் இறங்கியபோது பார்த்தேன்,
கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டியிருந்தான்.
காலில் இருந்து கழற்றிய முடிச்சை
அவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தான்.