ஊற்றியதற்கான கணக்கு

விஸ்கான்சின், மே மாதம்.
அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது.
என் சமையலறை மேசையிலிருந்து
பேசுவதுதான் இப்போது அரசாங்கம்.

ஆர்வின் ட்வெய்ட். அறுபத்திரண்டு மாடுகள்.
"ஏப்ரலில் எவ்வளவு பால் கொட்டினீர்கள்?"
"பூனைகள் குடித்ததையும் சேர்க்கணுமா?"
படிவத்தில் பூனைக்குக் கட்டம் இல்லை.

பள்ளிக்கூடங்களை மூடியதும்
பதினொரு நாள் பால் லாரி வரவில்லை.
இன்றைக்கு விடுமுறை என்று
மாட்டிடம் யார் சொல்வது?
மடி கனத்தால் அது கத்தும்.
கறந்தார்.
குழாயைச் சாணிக்குட்டைப் பக்கம் திருப்பிவிட்டார்.

"கொஞ்ச நேரம் குட்டை வெள்ளையாக இருந்தது.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது,
அதைச் சொல்லக் கூடாதோ என்னவோ."
எந்த வரியில் எழுதுவது என்று
மேலும் கீழும் தேடினேன்.
மாதங்கள், எடை, கையொப்பம்.

ஜூலையில் பணம் போனது,
கடைசி சென்ட் வரை சரியாக.
மறுநாள் அழைத்தார். நன்றி சொன்னார்.
இணைப்பைத் துண்டிக்கவில்லை.
பின்னால் ஒரு வாளி உருளும் சத்தம்.

"எல்லாம் தீவனக்கடைக் கடனுக்குப் போய்விட்டது.
மிச்சம் நாற்பத்தொரு டாலர்.
மீன் டப்பா வாங்கினேன், பூனைகளுக்கு.
எழுதிக்கொள்ளுங்கள்,
நாளைக்கு யாராவது கேட்பார்கள்."

எழுதிக்கொண்டேன்.
பென்சிலால், படிவத்தின் ஓரத்தில்.