எத்தனை நாள் என்ற கட்டம்

காந்தி ரோட்டு லாட்ஜில் எனக்கு இரவு வேலை.
பத்து மணிக்கு மேல் எதிர் மெஸ்ஸின்
கடுகெண்ணெய் வாசமும் அடங்கிவிடும்.
மேசைக்கடியில் தடித்த கைடு.
சனிக்கிழமை பரீட்சை,
கட்டணம் மச்சான் கார்டில் தேய்த்தது.

புத்தகம் சொல்கிறது:
சேவை உள்ளே என்ன செய்கிறது என்று
வெளியே நிற்பவனுக்குத் தெரிய வேண்டாம்.
என்ன கேட்கலாம், எந்த வடிவில் கேட்கலாம்,
என்ன திரும்பி வரும்,
அதை மட்டும் எழுதி வாசலில் மாட்டு.

சட்டென்று விளங்கியது.
ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இதுதானே நடக்கிறது.
சீட்டைக் கொடு, டோக்கனை வாங்கு,
கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது உனக்கெதற்கு.

எங்கள் ரிஜிஸ்டரும் ஒரு ஸ்கீமாதான்.
பெயர்: எழுத்துச்சரம். ஊர்: எழுத்துச்சரம்.
ஆதார்: பன்னிரண்டு இலக்கம், கூடாது, குறையாது.
எத்தனை நாள்: முழு எண், கட்டாயம்.
முதலாளி அதைச் சிவப்பு மையில் கோடிட்டிருக்கிறார்.

மால்டாவிலிருந்து வந்த ஷெஃபாலி மண்டல்
அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை நிறுத்தினாள்.
கணவர் சோபாவில்,
இந்த வெயிலிலும் தொண்டையைச் சுற்றித் துண்டு.
'கோதோ தின்?' என்றேன்.
என் வங்காளத்தில் கால்வாசி அதுதான்.
அவள் மேலே கைகாட்டினாள்.
மாடியையா, கடவுளையா, டாக்டரையா,
மூன்றுக்கும் திசை ஒன்று.

ஒரு கூறு வராமலே போகலாம் என்றால்
முன்கூட்டியே சொல்லிவிடு: மின் அக்கர்ஸ் பூஜ்யம்.
ஐந்தாம் அத்தியாயத்தில் அடிக்கோடிட்டிருந்தேன்.
சிவப்பு மையை மீறிக் கட்டத்தைக் காலியாக விட்டுப்
பதினான்காம் அறைச் சாவியைக் கொடுத்தேன்.

மூன்றாம் இரவு, மணி இரண்டு.
செல்போனோடு இறங்கி வந்தாள்.
'பயாப்ஸி ரிப்போர்ட் தயார்' என்று வந்த எஸ்எம்எஸ்ஸுக்குக் கீழே
வங்காளத்தில் நான்கு வரி,
பக்கத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி.
மறுபடி அனுப்பியிருக்கிறாள். மறுபடி.
ஏழு ஆச்சரியக்குறிகள் எண்ணினேன்.

ஆபரேஷன் நான்கு வகை.
கேட்டுப் பதில் பெறுவது.
சொல்லிவிட்டுப் போய்விடுவது.
தானே கேட்டுக் காத்திருப்பது.
கடைசி, அறிவிப்பு: வெளியே மட்டும் போகும்,
உள்ளே வர வழி எழுதப்படவே இல்லை.
இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று
அந்தப் பக்கத்தைத் தாண்டியிருந்தேன்.

'நோ ரிப்ளை' என்றேன்.
'கேனோ?' என்றாள்.
ஏன் என்பதற்கு என்னிடம் வார்த்தை இல்லை.
கண்ணாடிக்கடியில் வைத்திருந்த தாளில்
வெந்நீர், பக்கெட், வாடகை, ஆட்டோ,
இவ்வளவுதான் இருந்தன.

ராத்திரிக் கடை திறந்திருந்தது.
மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த சுபீர் படித்துச் சொன்னான்:
'டாக்டர் பாபு, என்ன இருந்தாலும்
அவரிடம் சொல்லாதீர்கள்.
முதலில் என்னிடம் சொல்லுங்கள்.
நான் வெளியே நிற்பேன்.
பச்சைப் புடவை.'

லாட்ஜ் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன்.
அனுப்புநர், பெறுநர், நோயாளி எண், பொருள்.
வடிவத்தில் ஒரு பிழை கிடையாது.
புடவையின் நிறத்தை எந்தத் தலைப்பில் போடுவது என்று மட்டும்
கொஞ்ச நேரம் திகைத்தேன்.
காலையில் அதை யாராவது வாங்கினார்களா,
தெரியாது.

காட்பாடியில் விடியற்கால வண்டி.
சென்னையில் குளிரூட்டிய அறை, முப்பத்தொன்றாம் கேள்வி:
உள்ளீடே இல்லாத ஆபரேஷன் எது?
டக்கென்று அழுத்தினேன்.
அந்த ஒன்று சரி.

தேவை அறுபத்தைந்து, வந்தது அறுபத்திரண்டு.
எந்தப் பிரிவில் எத்தனை சதவீதம் சறுக்கினேன் என்று
கட்டம் கட்டமாகத் திரை காட்டியது.
தோல்விக்கும் ஒரு வடிவம் வேண்டும்,
அதையும் முன்பே அறிவித்திருக்க வேண்டும்,
அதற்குப் பெயர் ஃபால்ட்.
ஒன்பதாம் அத்தியாயம்.

ஞாயிறு இரவு வந்தபோது
பதினான்கின் சாவி ஆணியில் தொங்கியது.
எப்போது போனார்கள், இருவருமாகவா,
பகல் ஆள் ஏகநாதனுக்கு நினைவில்லை.
ஆனால் ரிஜிஸ்டரில் நான் விட்ட கட்டத்தை
முதலாளிக்குப் பயந்து
நிரப்பி வைத்திருந்தான்: 6.

முழு எண்தான்.
எந்த ஸ்கீமாவும் ஏற்றுக்கொள்ளும்.